ரத்தத்தில் ஒரு பரம்பரைக் கோளாறு, வயிற்றில் ஒரு பிள்ளை: மனசைக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டு மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் ஒரு பெண்ணைத் திட்டியிருக்கிறேன். ஐந்தாம் மாதம் அவளுக்கு ஹீமோகுளோபின் 8.6. அடுத்த மாதமும் 8.6. அதற்கடுத்த மாதம் 8.4. "மாத்திரையை நீ சாப்பிடுறியா, காபிச் செடிக்குப் போடுறியா?" என்று மாமியார் எதிரிலேயே கேட்டுவிட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. உள்ளே போய், காலியான மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். எண்ணிப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

சேலத்துக்கு அனுப்பி ரத்தம் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவளுக்குத் தலசீமியா மைனர்: பரம்பரையாக வந்த ஒரு மரபணுவால் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவே உருவாகும் நிலை. உடம்பில் இரும்புச் சத்து போதுமான அளவு இருந்தது. எத்தனை அட்டை விழுங்கினாலும் அந்த எண் ஏறியிருக்காது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க திட்டினதுகூடப் பரவால்லங்க நர்சம்மா. அன்னிலேர்ந்து எங்க அத்தை, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பொறுப்புன்னு சொல்லிட்டே இருக்காங்க. ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது" என்றாள். நான் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு வந்த வார்த்தை அது.

இப்படிப்பட்ட கர்ப்பிணிகளின் மனநலம் என்றதும் பலரும் தியானம், பாட்டு, நல்ல நினைப்பு என்று ஆரம்பிப்பார்கள். என் கணக்கில் அவை எல்லாம் கடைசி வேலை. முதலில் அவள் தலையில் ஏற்றிய பழியை இறக்க வேண்டும். அடுத்து, அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகத் தெரியவைக்க வேண்டும். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்.

தலசீமியா, சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் கோளாறு) இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஹீமோஃபிலியா, வான் வில்லிபிராண்ட் மாதிரி ரத்தம் சரியாக உறையாத கோளாறுகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். மருந்து, அளவு எல்லாம் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

படி 1: "ஏதோ கோளாறு" என்பதற்குப் பெயர் கேட்டு வாங்குங்கள்

"ரத்தத்துல ஏதோ கோளாறாம்." இந்த "ஏதோ"தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. என்ன பெயர் என்று கேளுங்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள். எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற பரிசோதனையில் இது தெரியும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வரி 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மைனராக இருக்க வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் எஸ் என்று ஒரு வரி வந்திருந்தால் அது சிக்கிள் செல் பக்கம். கூடவே ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் இரும்பு நிஜமாகவே குறைவா இல்லையா என்பதை அதுதான் சொல்லும். மைனர் உள்ளவருக்கு இரும்புக் குறைவும் சேர்ந்து வரலாம். அதனால் "எனக்கு இரும்பே வேண்டாம்" என்று தானாக முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்து, கேரியரா நோயாளியா என்ற வித்தியாசம். மைனர், டிரெய்ட், கேரியர் எல்லாம் ஒன்றுதான்: அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ மாறிய மரபணு ஒன்று மட்டும் வந்திருக்கிறது. இது நோய் இல்லை. இவர்களில் பெரும்பாலோர் ஆயுசு முழுக்கத் தெரியாமலேயே வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பக்கமிருந்தும் வந்திருந்தால்தான் தலசீமியா மேஜர், சிக்கிள் செல் நோய் என்ற நிலை. அப்படி உள்ளவரின் கர்ப்பத்தை ஆரம்பத்திலிருந்தே மகப்பேறு மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் ஹைட்ராக்ஸியூரியா, இரும்பை வெளியேற்றும் மாத்திரை போன்றவற்றைக் கர்ப்பத்தில் தொடரலாமா என்று உடனே கேட்க வேண்டும். கருத்தரிக்கும் முன்பே கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஒன்று. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. சிவப்பணு அந்த வேகத்துக்குக் கூடுவதில்லை. அதனால் ஹீமோகுளோபின் எல்லாருக்குமே கொஞ்சம் இறங்கும். 11க்குக் கீழே (நடு மூன்று மாதங்களில் 10.5க்குக் கீழே) போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த கோடு. மைனர் உள்ள பெண் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறவள். ஒன்றரை இறங்கினால் 9 என்று காட்டும். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. அவளுடைய தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் "தலசீமியா மைனர்" என்று சிவப்பு மையில் எழுதி வாங்குங்கள். செவிலியர் மாறினாலும், அடுத்த முறை யாரும் மாமியார் எதிரில் திட்டமாட்டார்கள்.

"எங்க குலதெய்வக் குத்தமா இது?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லும் பதில்: மலேரியா வாட்டிய காட்டுப்பகுதிகளில், இந்த மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கு அந்தக் காய்ச்சலில் சாவு குறைவு. உங்கள் முப்பாட்டன் பிழைத்ததற்கு அதுகூட ஒரு காரணமாக இருக்கலாம். இந்தியாவில் சிக்கிள் செல்லை முதலில் கண்டறிந்ததும் நம் பக்கத்தில்தான். 1952ல், நீலகிரி மலைமக்களிடம். 2023 ஜூலை 1ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் உள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை என்பது அதன் இலக்கு. 7 கோடிப் பேரிடம் தேடுகிற ஒரு சங்கதியை உங்கள் குடும்பத்துக்கு மட்டும் விழுந்த சாபம் என்று நினைக்க வேண்டாம்.

படி 2: கணவருக்கும் அதே வாரத்தில் ரத்தம் பாருங்கள்

இதில்தான் வீட்டில் முறுக்கு வரும். "எனக்கு என்னங்க, நான் மூட்டை தூக்குறவன்" என்பார். கேரியரும் மூட்டை தூக்குவார். ஆனால் அவர் ரத்தம் பார்க்காத வரைக்கும் அவள் பயத்துக்கு முடிவே கிடையாது. பார்த்து, அவருக்கு இல்லை என்று வந்துவிட்டால், பிள்ளைக்கு அந்த நோய் கடுமையாக வரும் என்ற கவலை அன்றோடு போய்விடும். அதிகபட்சம் பிள்ளையும் அம்மாவைப் போலக் கேரியராக இருக்கும். கணக்கு எழுதும்போது மருத்துவர் ஒன்றைக் கவனிப்பார்: தலசீமியா கேரியரும் சிக்கிள் செல் கேரியரும் ஜோடி சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். "இரண்டும் வேறே வேறேதானே" என்று விட்டுவிடக் கூடாது.

இருவரும் கேரியர் என்று வந்தால் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டு காபிக்கொட்டை கேட்பேன். மலையில் எந்த வீட்டிலும் கிடைக்கும். அவள் கையில் ஒரு பச்சைக் கொட்டை, ஒரு வறுத்த கொட்டை. அவர் கையிலும் அப்படியே. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்றை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். இரண்டும் வறுத்ததாக விழுந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஒன்று பச்சை, ஒன்று வறுத்தது என்றால் கேரியர். இரண்டும் பச்சை என்றால் ஒன்றுமே இல்லை. எடுத்த கொட்டையைத் திரும்பக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த ஆட்டம். நாலில் ஒன்று என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் கொட்டை புதிதாக விழுகிறது.

ஒரு வீட்டில் மாமியார் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்க பையன் கொட்டையும் சேர்ந்தாத்தான் வியாதிங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். அதற்கு மேல் அந்த வீட்டில் "உங்க வீட்டு ரத்தம்" என்ற பேச்சு எழவில்லை. நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது.

தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொண்டவர்கள் நம் சேலம் பக்கம் ஏராளம். அவர்களுக்குத் தனியாக ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும். ஒரே குடும்பத்தில் இருப்பதால் இருவரிடமும் அதே மரபணு இருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து, பிள்ளையும் வயிற்றில் இருக்கும்போது "சொந்தத்துல கட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்கிற சித்தப்பாவால் யாருக்கும் உபயோகமில்லை. அவரை நாசூக்காகக் காபி குடிக்க வெளியே அனுப்பலாம்.

ஹீமோஃபிலியா கணக்கு வேறு. அம்மா கேரியராக இருந்தால், ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் வர பாதி வாய்ப்பு. கணவர் ரத்தம் இதில் பெரிதாகச் சேராது. அதனால் பழி முழுக்க அவள்மேல் விழும் அபாயம் அதிகம். வீட்டார் கூடுதல் கவனமாகப் பேச வேண்டிய இடம் அது.

படி 3: காத்திருக்கும் நாட்களுக்குத் திட்டம் போடுங்கள்

இருவரும் கேரியர் என்றால், வயிற்றில் உள்ள பிள்ளைக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்ப்பது 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள். பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பது 15 வாரத்துக்குப் பிறகு. அனுபவமுள்ள கைகளில் இவற்றால் கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அதற்கு முன்பே தாய் தகப்பன் இருவரின் மரபணு மாற்றமும் என்ன வகை என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கே நாள் பிடிக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற சில இடங்களில்தான் இது முழுமையாக நடக்கும். சேலத்திலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கச் சொல்லி நாங்கள் தொண்டை வறளக் கத்துகிறோம். மூன்று மாதம் முடிந்த பிறகுதான் வெளியே சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தை ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள், செவிலியரிடம் மட்டும் முதல் மாதமே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை செய்வதும் செய்யாததும் அவள் விருப்பம். அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் யாரும் ஊசி போட முடியாது. பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம். அதைக் கேட்டு அலையாதீர்கள்.

முடிவு வரும் வரை உள்ள இரண்டு மூன்று வாரம்தான் மிகக் கனமானது. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவள் கையில் போன் இருக்கும். நெஞ்சு பதறும் வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் சொன்ன ஏற்பாடு: கவலைக்கென்று தினம் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது கணவரும் கூட உட்கார வேண்டும். பயம், கேள்வி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். மற்ற நேரத்தில் அந்த எண்ணம் வந்தால், "அஞ்சு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டும். முதல் மூன்று நாள் முடியாது. நாலாம் நாளிலிருந்து கொஞ்சம் பிடிபடும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த நோட்டில் உள்ள கேள்விகளை அப்படியே மருத்துவரிடம் படிக்கலாம். மறந்துபோய்த் திரும்பி வருகிற ஏமாற்றமும் மிச்சம்.

பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று வந்தால் இரண்டு வழி. இரண்டுமே சட்டப்படி சரி, இரண்டுமே கஷ்டம். கர்ப்பத்தைத் தொடர்ந்தால், பிறந்த நாளிலிருந்து எங்கே சிகிச்சை என்று இப்போதே பேசி வைக்கலாம். முடித்துக்கொள்வது என்றால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 20லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள், அதற்கு மேல் மருத்துவக் குழு. வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்துச் சட்டத்தில் இல்லை. நாலு மாதத்துக்கு மேல் ஆன பிறகு கலைத்தால் சிலருக்கு மார்பில் பால் கட்டும். இதை முன்கூட்டி யாருமே சொல்வதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ரவிக்கை நனையும் அந்தக் காலையில் உடைந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். முன்பே சொல்லிவிட்டால் அந்த ஒரு அடியாவது குறையும். அந்தப் பெண்ணும் பிள்ளை பெற்றவள்தான். நாற்பது நாள் அவளை வேலைக்கு அனுப்பாதீர்கள், "அடுத்தது நல்லதாப் பொறக்கும்" என்றும் சொல்லாதீர்கள்.

படி 4: ரத்தக் களைப்பையும் மனக் களைப்பையும் பிரித்துப் பாருங்கள்

அசதி, தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காமை. ரத்தசோகைக்கும் இதுதான் அடையாளம், மசக்கைக்கும் இதுதான், மனச்சோர்வுக்கும் இதுதான். எனவே "அவளுக்கு ரத்தம் கம்மி, அதான் அப்படிப் படுத்திருக்கா" என்று வீடும் சொல்லும், சில நேரம் ஆஸ்பத்திரியும் சொல்லும். மனச்சோர்வு அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

பிரிக்க ஒரு வழி உண்டு. உடம்புக் களைப்பு உள்ளவளுக்கு ஆசை இருக்கும், தெம்பு இருக்காது. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குப் போக வேண்டும் என்பாள், நடக்கத்தான் முடியாது. மனச்சோர்வு வந்தவளுக்கு ஆசையே வற்றிப்போயிருக்கும். பிடித்த தட்டுவடை செட்டைக் கையில் கொடுத்தாலும் "வேணாம்" என்பாள். ஓய்வெடுத்தால் முன்னவள் கொஞ்சம் தெளிவாள், பின்னவள் அப்படியே இருப்பாள். அதோடு தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பேச்சு கூடிக்கொண்டே போகும். இது என் அனுபவக் கணக்கு. பரிசோதனைக்குப் பதில் ஆகாது.

முறையான கேள்வித்தாளும் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்பார்கள். 1987ல் வந்தது, பிரசவித்த பெண்களுக்காக உருவாக்கி இப்போது கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் உண்டு. கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று 10 கேள்வி. சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டாளா, பயம் வந்ததா என்று கேட்கும். அசதியையும் பசியையும் அது வேண்டுமென்றே கேட்பதில்லை, ஏனென்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு அவை எப்படியும் இருக்கும். நம் கர்ப்பிணிகளுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் கிடையாது. மொத்தம் 30க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 10ஐத் தாண்டினாலே இரண்டு வாரத்தில் திரும்பப் பார்ப்பது நல்லது. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் "எப்போதாவது" என்று வந்தாலும் மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள், அன்றே பேசுங்கள்.

படி 5: சிக்கிள் செல் வலிக்கு முன்கூட்டியே ஒரு காகிதம்

சிக்கிள் செல் நோய் உள்ளவர்களைக் கேட்டால் வலியைவிட அதை யாரும் நம்பாததுதான் அதிகம் வலித்தது என்பார்கள். வெளியில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, எலும்பு நொறுங்குகிற மாதிரி வலி. "நடிக்கிறா" என்ற சொல் காதில் விழுந்த பெண் அடுத்த முறை வலியைச் சொல்லத் தயங்குவாள். தயங்கினால் ஆபத்து.

அதனால் வலி இல்லாத நாளில் மருத்துவரிடம் ஒரு காகிதம் எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், ரத்த வகை, முன்பு எந்த மருந்துக்கு வலி அடங்கியது, எது ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது, காகிதம் பேசும். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தச் சீட்டுகளும் அதே பையில் இருக்கட்டும். பழைய ரத்தத்துக்கு எதிராக உடம்பு ஏதாவது உருவாக்கியிருக்கிறதா என்று ரத்த வங்கி பார்க்க அது உதவும். வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகைகள் கர்ப்பத்தில் சில மாதங்களில் பிள்ளைக்கு ஆகாது.

வலியைக் கிளப்புவது எது? தண்ணீர் குறைவது, குளிர், காய்ச்சல், மூச்சு வாங்கும் வேலை. மசக்கை வாந்தியில் தண்ணீர் வற்றினாலே போதும். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டுப் பனி எப்படி என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெந்நீர், கம்பளிச் சட்டை, காலுறை எல்லாம் ஆடம்பரம் இல்லை. காலை ஆறு மணிக்குத் தோட்டத்து வேலைக்குப் போவதை நிறுத்த வேண்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், 100.4க்கு மேல் காய்ச்சல், கண் மங்குவதோடு கடும் தலைவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பிள்ளை அசைவு குறைவது: இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108.

மலைக்காரர்களின் பெரிய பயம் ராத்திரி வலி வந்தால் எப்படி இறங்குவது என்பதுதான். அதைப் பேசித் தீருங்கள்: எந்த வண்டி, டிரைவர் எண், மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, டப்பாவில் எவ்வளவு பணம். கடைசி மாதத்தில் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது இன்னும் நல்லது. ஒருமுறை ஒரு பெண்ணோடு நானும் ஆம்புலன்சில் இறங்கினேன். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. வலியில் மூச்சு அவளுக்கு மேல்மூச்சாக வாங்கியது. "பலகை வரும்போது மூக்கால இழு, அடுத்த பலகை வரைக்கும் வாயால கொஞ்சம் கொஞ்சமா விடு" என்றேன். அடுத்த பலகை வரை ஒரே மூச்சு யாருக்கும் தாங்காது, நாலைந்து மூச்சு ஆகும். ஆனாலும் எண்ணிக்கை அவளைப் பிடித்து வைத்தது. 20, 19, 18 என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். 7ம் வளைவில் "இன்னும் ஆறுதாங்க" என்றாள். வீட்டில் இருக்கும்போதும் இதே பயிற்சிதான்: நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, இருபது தடவை. வலி தீராது. வலிக்கு மேல் ஏறி உட்காரும் பதற்றம் இறங்கும்.

படி 6: வீட்டாருக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பகுதியை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. பேரீச்சை, முருங்கைக் கீரை, பீட்ரூட் எல்லாம் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அதனால் மரபணு மாறாது. சாப்பிட்டும் எண் ஏறவில்லை என்று அவளைப் பார்க்காதீர்கள். வளைகாப்பை அவளைக் கேட்டுச் செய்யுங்கள். முடிவு தெரியாத நேரத்தில் ஊரைக் கூட்டி வளையல் போடுவது சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குச் சித்திரவதை. ரத்தம் ஏற்றும் நாளில் பக்கத்தில் ஒரு ஆள் இருங்கள். யாருக்கு விஷயத்தைச் சொல்வது, யாருக்குச் சொல்லக் கூடாது என்ற பட்டியல் அவளுடையது. கணவரே, உங்கள் அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள்தான். அவளைப் பேசவிட்டால் அது மருமகள் வாயாடினதாக ஆகிவிடும்.

படி 7: நேரடியாகக் கேளுங்கள்

"சாகலாம்னு தோணுதா கண்ணு?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்டதும் பெரும்பாலும் அழுகைதான் வரும், அதோடு ஒரு பெருமூச்சும். நான் கேட்டபோது "இதை யாராச்சும் கேப்பாங்களான்னு இருந்தேன்" என்றவர்கள் உண்டு. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து தோட்ட வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்து அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், இரவும் பகலும், தமிழில் பேசலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாதம் 9ம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் கர்ப்பிணிகள் முகாமிலும் மனசைப் பற்றிச் சொல்லி மேல் சிகிச்சைக்குச் சீட்டு வாங்கலாம். "பைத்தியக்கார டாக்டரா?" என்று முகம் சுளிப்பவரிடம், "தூக்கத்துக்கு டாக்டர்" என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறேன். பொய் இல்லை அது.

மாத்திரை தேவைப்பட்டால், கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை உண்டு. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தக் கூடாது, அன்றே மருத்துவரைக் கேளுங்கள். வால்புரோயேட் மாதிரி சில மாத்திரைகள் பிள்ளைக்கு ஆகாது, அவற்றை மாற்றித் தருவார்கள். நம் பெண்களுக்கென்று கூடுதலாக ஒன்று: மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ரத்தம் கசிவதைச் சற்றுக் கூட்டும், டிராமடால் போன்ற சில வலி மருந்துகளோடும் சேராது. எனவே மனநல மருத்துவர் எழுதிய சீட்டை ரத்தநோய் மருத்துவரிடமும், அவர் சீட்டை இவரிடமும் காட்டுங்கள். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம்.

படி 8: பிள்ளை பிறந்த பிறகு

எல்லார் கண்ணும் பிள்ளைமேல் போய்விடும். முதல் இரண்டு வாரத்தில் அவள் தூங்காமல் இருந்தும் களைப்பே தெரியாமல் படபடவென்று பேசினால், யாரோ பிள்ளையை எடுத்துப் போக வருகிறார்கள் என்றால், இது தன் பிள்ளை இல்லை என்றால், பேய் பிடித்தது என்று பூசாரியைத் தேட வேண்டாம். அது மருத்துவ அவசரம். தாயையும் பிள்ளையையும் தனியாக விடாமல் அன்றே கூட்டிப் போங்கள், சிகிச்சையில் குணமாகும். சாதாரண அழுகை, எரிச்சல் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் நீடித்தால் எடின்பரோ தாளைத் திரும்ப எடுங்கள்.

பிள்ளைக்கு எப்போது ரத்தம் பார்ப்பது என்பதில்தான் புதிய தவிப்பு. சிக்கிள் செல்லைப் பிறந்ததுமே குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கலாம். பீட்டா தலசீமியாவை அப்படிப் பார்ப்பது கடினம், ஏனென்றால் பிறந்த பிள்ளையின் ரத்தம் பெரும்பகுதி கருவில் இருந்த ஹீமோகுளோபினோடுதான் இருக்கும். மேஜர் என்றால் அடையாளங்கள் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் தெரியும். கேரியரா என்று உறுதியாகப் பார்க்க ஒரு வயது ஆகட்டும் என்பார்கள். அதுவரை தினமும் பிள்ளையின் கண் இமையை இழுத்து வெளுத்திருக்கிறதா என்று பார்க்கும் தாய்மார்களைத் தெரியும். தடுப்பூசிக்குப் போகும் நாளில் மட்டும் செவிலியர் பார்க்கட்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, வயிறு பெருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே போங்கள்.

முதல் பிறந்த நாளுக்கு அடுத்த வாரத்தில் ஒரு தேதி பார்த்து, "எச்.பி.எல்.சி. பார்க்க" என்று தடுப்பூசி அட்டையில் எழுதி வையுங்கள். அன்றைக்குக் கணவருக்கு விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.